கடைசியாருக்குப் பின்னால்

அவரை எல்லாரும் கடைசியார் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கிறவர்களுக்கு ஏதோ பரம்பரைப் பட்டம் மாதிரி இருக்கும். ஒரு மண்ணும் கிடையாது. மலையில் நாலு நாள் நடப்பதற்கென்றே நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். காட்டுக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து, பள்ளத்தாக்கு ஏறி, மேலே இருக்கும் சின்னச் சின்ன ஊர்களில் தங்கி, மறுபக்கமாக இறங்கி பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். அந்த வரிசைக்கு முன்னால் கைடு நடப்பார். எல்லாருக்கும் பின்னால் நம்மவர் நடப்பார். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

கைடு வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான். கைகுலுக்கல், நன்றி, கட்டிப்பிடித்து எடுக்கிற போட்டோ எல்லாம் மச்சானுக்கு. கடைசியாருக்குக் கிடைப்பது வருகிறவர்களின் முதுகும் குதிகாலும். முகம் மறந்துவிடும், குதிகால் மறக்காது அவருக்கு. இரண்டு வருஷம் கழித்து அதே ஆள் வந்தால், "நீங்க இடது காலை இழுத்து வெப்பீங்களே, இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டு அசரடிப்பார்.

தொழில் ஊறிப்போய் வீட்டிலும் அதே கதைதான். பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏறப் போவார், பஸ் கிளம்பிவிடும். சாப்பிட உட்காரும்போது எல்லாருக்கும் தட்டு வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்து ஆறிப்போனதைச் சாப்பிடுவார். "கல்யாணத்தன்னைக்கே கூட்டம் பூரா உள்ள போன பிறகுதான் மாப்பிள்ளை வந்தாரு. யாரோ செருப்புக்குக் காவல் இருக்கிற ஆளுன்னு நெனச்சேன்" என்று மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு பழக்கம் மட்டும் எல்லாருக்கும் வேடிக்கையாக இருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அவருக்குப் பின்னால் காடுதான். கண் முழுக்க முன்னால் போகிற கால்களில் இருக்க வேண்டும். ஒரு கால் சறுக்கினால் இவர் கை அங்கே போயிருக்க வேண்டும். பின்னால் திரும்புகிற கடைசி ஆள் வேலைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி.

பேச்சுக் குறைவு. விசில்தான் பேச்சு. ஆற்றோரத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது, விசில் கேட்கும். நீளமாக ஒரு ஊதல் என்றால் நில். குட்டையாக இரண்டு என்றால் நட. குட்டையாக மூன்று என்றால் எல்லாரும் வந்தாச்சு, பின்னால் யாரும் இல்லை. அந்த மூன்றை ஊதுகிற உரிமை கடைசி ஆளுக்கு மட்டும்தான். அது கேட்காமல் கைடு ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார், கேட்டால் பதிலுக்கு இரண்டு ஊதிவிட்டு நடப்பார்.

இவருக்கு முன்னால் அந்த மூன்றை ஊதியவர் இவருடைய அப்பா. முட்டி தேய்ந்து உட்காரும்வரை அவர்தான் கடைசியில் நடந்தார். முட்டி போன பிறகு நினைவும் போக ஆரம்பித்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். முன்னறையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருப்பார்கள். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மகனையே ஏற இறங்கப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு? நடந்து களைச்சிருப்பீங்க, உக்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னார். கடைசியார் வீட்டுக்குப் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அப்பாவுக்கு டீ ஆற்றிக் கொடுத்தார்.

போன தடவை வந்த குழுவும் அந்த ஜன்னலுக்கு எதிரில்தான் வரிசை கட்டியது. எப்போதும் அங்கேதான் கட்டுவார்கள். பைகளை எடை போடுகிற அறை வீட்டோடு ஒட்டியிருக்கிறது. வந்தவர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஆள் கனம், காலணி புதுசு, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடைசியாருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நாலு நாளும் இந்தக் குதிகால்தான் நம் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சுப்பா" என்றார் கடைசியார். டாக்டரின் ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

மத்தியானத்துக்குமேல் ஆற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். பாறை இடுக்கில் குறுகி வேகமாக ஓடுகிற ஆறு, அன்றைக்கு இடுப்பளவுதான். மச்சான் கயிற்றோடு முதலில் கடந்து அந்தப் பக்கத்து மரத்தில் கட்டினார். இந்தப் பக்கத்து மரத்தில் கடைசியார் கட்டினார். ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்துக் கடந்தார்கள். டாக்டர் நடு ஆற்றில் நின்று "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்று ஊருக்கே அறிவித்தார். கடைசியாகக் கடைசியார் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, மச்சான் இழுக்க, கரையேறினார். கயிறு எப்போதும் கூடவே வந்துவிட வேண்டும். மேலே இன்னும் ஓடைகள் இருக்கின்றன.

ஏற்றத்தில் முதல் திருப்பத்தில் நின்று தலைகளைப் பார்த்து, குட்டையாக மூன்று ஊதினார்.

கொஞ்ச நேரத்தில் கீழே, ஆற்றிரைச்சலுக்கு மேலே, நீளமாக ஒரு விசில் சத்தம் வந்தது.

டாக்டர் நின்றார். "யாரோ விசில் அடிக்கிறாங்க போல?"

"குருவி டாக்டர். மனுஷன் மாதிரியே அடிக்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் ஏமாறுவாங்க."

"நிஜமாவா! திரும்ப அடிக்குது பாருங்க."

"அடிக்கும் அடிக்கும், அதுக்கு வேற என்ன வேலை? நீங்க காலைப் பார்த்து வெய்யுங்க."

அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு குருவி இருப்பது உண்மைதான். கடைசியார் திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டுவதற்குள் மேல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தகரக் கூரை போட்ட வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை. இரவெல்லாம் கூரைமேல் மழை கொட்டியது. காலையில் கடைசியார் வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனார். அந்த ஊரில் போனுக்கு சிக்னல் வருவது அங்கே மட்டும்தான், அதுவும் ஒரு மூலையில் ஒண்டி நின்றால்.

மனைவி எடுத்தவுடன் அழுதாள். "என்னங்க, நேத்திலேர்ந்து உங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பார்க்கிறேன். மாமாவைக் காணோம்ங்க."

கடைசியார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எப்பலேர்ந்து?"

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல. குழாய்ல தண்ணி பிடிச்சுட்டு வந்து பார்க்கிறேன், நாற்காலி காலியா இருக்கு. உங்க தம்பி சந்தைப் பக்கம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் எல்லாம் தேடிட்டாரு. ராத்திரி பூரா மழை வேற. எங்க போய் நனைஞ்சுகிட்டு நிக்கிறாரோ."

"எந்தச் சட்டை போட்டிருந்தாரு?"

"நீல முழுக்கை. அப்புறம் இன்னொண்ணுங்க. உங்க அறையில ஆணியில மாட்டியிருக்குமே அவரோட பழைய விசில், அதையும் காணோம்."

கடைசியார் தொட்டிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது. ஜன்னலுக்கு எதிரில் வரிசை கட்டினார்கள். வரிசை நகர்ந்தது. அப்பா எழுந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன் இடத்தில், எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்திருக்கிறார். காடு முழுக்க, பகல் முழுக்க. தேய்ந்த முட்டியோடு இரண்டு மூன்று திருப்பம் பின்தங்கி வந்திருப்பார். ஆற்றுக்கு வந்து பார்த்தால் கயிறு இல்லை. நீளமாக ஊதியிருக்கிறார். நில் என்று சொல்லியிருக்கிறார்.

"குருவின்னு சொன்னேன்" என்றார் கடைசியார்.

"என்னது?"

"என் தம்பியை ஆத்துக்கு அனுப்பு. காட்டு வழியா. இப்பவே. அப்பா அங்கதான் இருக்காரு."

ஓடிப் போய் மச்சானிடம் சொன்னார். மச்சான் கயிற்றை எடுத்து இவர் தோளில் போட்டுவிட்டார். "நான் இவங்களை விட்டுட்டு வர முடியாது அத்தான். கடைக்காரரைப் பின்னால நடக்கச் சொல்லி ஓட்டிக்கிறேன். நீங்க போங்க." டாக்டர் பையைக் குடைந்து காய்ச்சல் மாத்திரை, பிஸ்கட், தன் மழைக்கோட்டு எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார். "நான்தான் உங்களைப் பேச்சு குடுத்துத் திசை திருப்பிட்டேன்" என்றார். உண்மையில் அந்தச் சத்தத்தை விசில் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். கடைசியாருக்கு அதைச் சொல்லவும் நேரமில்லை.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். வழுக்கின இடத்தில் உட்கார்ந்தே சறுக்கினார். ஆற்றின் சத்தம் பாதி வழியிலேயே வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இடுப்பளவு ஆறு எங்கே போனதோ. காவி நிறத்தில், வேரோடு பிடுங்கின மரங்களைப் புரட்டிக்கொண்டு, நேற்று கயிறு கட்டிய மரத்தின் அடியை நனைத்துக்கொண்டு ஓடியது. அந்தக் கரையில், விறகு அடுக்கி வைக்கிற பாறைக் குடைவுக்கு முன்னால், நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பித்தான் கழுத்துவரை போட்டிருந்தது. ஒரு காலில் செருப்பில்லை.

"அப்பா!"

கத்தினது தனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினார். அப்பா பார்த்தார். பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. பாறையைப் பிடித்து எழுந்து, நேராகத் தண்ணீரை நோக்கி நடந்து வந்தார்.

கடைசியார் விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார்.

அப்பா நின்றார். ஒரு கால் தண்ணீரில் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே தன் விசிலை எடுத்து, அதே நீளத்துக்கு ஒரு பதில் ஊதினார். சரி, நின்றுவிட்டேன் என்று அர்த்தம். பிறகு இரண்டடி பின்வாங்கிக் கல்லில் உட்கார்ந்தார். மகன் பேர் நிற்காத தலையில் அந்த ஊதல் மட்டும் நின்றிருந்தது.

கடைசியார் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார். பிறகு கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நாலடி போவதற்குள் ஆறு அவரைத் தூக்கிக் கரையில் அடித்தது. வாய்க்குள் மண்ணோடு எழுந்து பார்த்தால், அந்தப் பக்கம் அப்பா முட்டிவரை தண்ணீரில் நிற்கிறார். கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். விழுந்தவனைப் பிடிக்க வருகிறார்.

ஊதினார். ஊதினார். அப்பா நின்று, பதில் ஊதி, பின்வாங்கினார்.

இவர் இறங்கினால் அவர் இறங்குவார். இனிமேல் இறங்கவும் முடியாது. கயிறு இருக்கிறது, எறிந்தால் பிடித்துக் கட்ட ஆளில்லை. மேலே சுற்றிப் போனால் ஒரு பாலம் இருக்கிறது, ஆனால் முழு நாள் நடக்க வேண்டும். அதுவரை இங்கே யார் ஊதுவது? பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கரையைப் பார்த்தார். நேற்று காலையிலிருந்து அப்பா எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டார். அதை நினைத்தவுடன் கோபம் வந்தது, ஆற்றின்மேல், மழையின்மேல், அந்தப் பாழாய்ப்போன குருவியின்மேல். பாக்கெட்டைத் தூக்கி எறிந்தார். பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை.

அப்பாவால் எதையும் ரொம்ப நேரம் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு எதற்கு உட்கார்ந்தோம் என்று மறந்துவிடும். தலையைத் தூக்குவார், எதிர்க்கரையில் ஒரு ஆள் தெரியும், முகம் மலரும், எழுந்து வருவார். ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியார் நில் என்று ஊதினார். கண்ணை எடுக்க முடியவில்லை. தாகத்துக்குக் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளப் போனபோது அப்பா எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் குனியவில்லை. உதடு வெடித்து விசிலில் ரத்தம் உப்புக் கரித்தது. இத்தனை வருஷம் திரும்பிப் பார்க்காத கண்ணுக்கு இன்றைக்கு வேறு பக்கம் பார்க்க வழியில்லை.

அப்பாவுக்கு உடம்பு நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. போர்த்திவிட டாக்டரின் மழைக்கோட்டு இருந்தது, அதுவோ இந்தக் கரையில் இவர் காலடியில் கிடந்தது. கையைப் பிசைந்துகொண்டு நிற்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, அன்று அவருக்கு அதற்குக்கூடக் கை ஒழியவில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் போகிற நேரத்தில் தம்பி வந்தான். பக்கத்து வீட்டுத் தச்சரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். இருவரும் பாறைக் குடைவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து அப்பாவைப் பிடித்தார்கள். தம்பி தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்தினான். கடைசியார் இந்தக் கரையில் சரிந்து உட்கார்ந்தார். விசில் வாயிலிருந்து விழுந்தது.

முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை.

அப்பா வர மறுத்தார். தம்பி கையைப் பிடித்து இழுக்க, உதறினார். தச்சர் தூக்கப் பார்த்தார், அப்பா திமிறினார். திரும்பிப் போகிற வழி குறுகலானது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. திமிறுகிற ஆளைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்தால் மூன்று பேரும் ஆற்றில்தான். தம்பி கெஞ்சுவது தெரிந்தது. அப்பா திரும்பத் திரும்ப ஒரு பக்கமே கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாருக்கு முதலில் புரியவில்லை. அப்பா எதையோ கேட்கிறார் என்று நினைத்தார். பிறகுதான் அந்தக் கை தன்னையே காட்டுகிறது என்று தெரிந்தது. அப்பாவின் கணக்கில் இவர் மகன் இல்லை. எதிர்க்கரையில் விட்டுப்போன ஒரு ஆள். ஒருத்தரை விட்டுவிட்டுக் கடைசி ஆள் நகரமாட்டார். தலைகீழாக நின்றாலும் நகரமாட்டார்.

இரண்டு குட்டை ஊதலாமா, நட என்று சொல்லலாமா என்று விசிலை எடுத்தார். அப்பா ஆற்றைப் பார்த்து நிற்கிறார். நட என்றால் எந்தப் பக்கம் நடப்பார்? விசிலைக் கீழே வைத்தார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குறுகலை இருட்டில் கடக்க முடியாது. தம்பி இவரைப் பார்த்துக் கையை விரித்தான், என்ன செய்யட்டும் அண்ணே என்று.

கடைசியார் அப்பாவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். கழுத்துவரை போட்ட பித்தான், அதற்குமேல் தம்பியின் சட்டை, செருப்பில்லாத அந்தக் கால். பிறகு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி நாலடி நடந்து, பெரிய பாறை ஒன்றுக்குப் பின்னால் போய் மறைந்து உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. ஆறு மட்டும் இரைந்தது. எட்டிப் பார்க்கத் தவித்தார். தலை தெரிந்தால் அப்பா திரும்ப வந்துவிடுவார். அப்பா நகர்ந்தாரா, தம்பிக்கு முன்னால் நடக்கிறாரா, இல்லை வழக்கம்போல எல்லாருக்கும் பின்னால், பிடிக்க ஒருவர்கூட இல்லாமல் நடக்கிறாரா? அப்பாவைப் பின்னால விடாதேடா என்று கத்தினால் யார் காதிலும் விழப்போவதில்லை. முதுகைப் பாறையில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து, எதிர்க்கரையில், கொஞ்சம் மேலேயிருந்து கேட்டது. குட்டையாக மூன்று. எல்லாரும் வந்தாச்சு, பின்னால் யாரும் இல்லை.

ஊதினது யாரென்று அவருக்கு இந்த முறை சந்தேகம் வரவில்லை. பதிலுக்கு இரண்டு ஊத வேண்டும். பழக்கத்தில் கை விசிலுக்குப் போய்விட்டது. கடைசியார் அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதார்.